எம்.சி. ரோடு பின்சந்து ஸ்கேன் சென்டர்: கூட்டம் தாங்காது, கையை நம்பலாம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது வரவேற்பில் இருக்கும் தம்பிக்காகவும் மாடியில் மட்டும் இருக்கும் கழிப்பறைக்காகவும். மற்ற நாலும் உள்ளே இருட்டறையில் ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மாவுக்கு. சென்டரின் பெயரைப் போடவில்லை. ஏற்கெனவே அங்கே நிற்க இடம் கிடையாது, நான் எழுதிப் பத்துப் பேர் அதிகமாக வந்தால் அடுத்த தடவை நானும்தான் படிக்கட்டில் உட்கார வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்து என்றாலே புரிந்துவிடும்.

நாங்கள் போனது என் மாமாவுக்காக, அம்மாவின் தம்பி. வயது 49, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். இடது தாடை முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. கண்டுபிடித்ததும் வீட்டில் யாரும் இல்லை, தண்டையார்பேட்டையில் அவர் வழக்கமாகப் போகும் சலூன்காரர்தான். ஷேவிங் செய்யும்போது தோலை இழுத்துப் பிடித்தவர், "இன்னா நைனா, இங்க குதிக்குது?" என்று கேட்டிருக்கிறார். மாமா சிரித்துவிட்டு வந்துவிட்டார். அந்தக் 'குதிக்குது' என்ற வார்த்தையை யாராவது அன்றைக்கே காதில் வாங்கியிருந்தால் எங்களுக்கு மூன்று மாதம் மிச்சம்.

அத்தை நச்சரித்ததால் பக்கத்து கிளினிக்குக்குப் போனார். நெறி கட்டியிருக்கிறது என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். கட்டி அசையவில்லை. இன்னொரு பத்து நாளைக்கு வேறு மாத்திரை. அப்போதும் அப்படியே. அடுத்து டிபியாக இருக்கலாம், ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, எங்கள் பக்கத்தில் கழுத்தில் நெறி என்றால் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மூன்று முறை போயும் யாரும் அந்தக் கட்டியின் மேல் ஒரு நிமிஷம் விரலை வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊசி குத்தும் லேபுக்குப் போகிற வழியில்தான் இந்த சென்டர். ஸ்கேன் பார்த்துக்கொண்டே குத்தினால் நல்லது என்று யாரோ சொன்னதால் உள்ளே நுழைந்தோம்.

சரி, கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்த இடமே இல்லை, சனிக்கிழமை துணி எடுக்க வருகிற கூட்டத்தில் ஆட்டோகூட சந்துக்குள் வராது. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடப்பது உத்தமம். டோக்கன் காலை ஏழு மணிக்கே கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாங்கள் ஒன்பதரைக்குப் போய் 41ஆம் நம்பர் வாங்கி ஒன்றே முக்காலுக்கு உள்ளே போனோம். நாற்காலி பதினைந்து இருந்தால் அதிகம். ஃபேன் ஓடுகிறது, காற்று வருகிறதா என்றால் இல்லை. வயிற்று ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருக்கும் கர்ப்பிணிகளைப் பார்த்து "இன்னும் குடிங்க" என்று அந்தத் தம்பி சொல்லும் தோரணை இருக்கிறதே, அவருக்கு ஒரு நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துக் கழிப்பறைக்கு மாடி ஏறச் சொல்ல வேண்டும். கழுத்து டாப்ளருக்கு, அதாவது ரத்த ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேனுக்கு, எங்களிடம் 1,600 ரூபாய் வாங்கினார்கள். போனில் கட்டலாம், பில் கேட்டால்தான் தருவார்கள்.

உள்ளே போனதும் கதை வேறு. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், மிஷினைத் தொடவில்லை. முதலில் கையைக் கழுவிவிட்டு மாமாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கட்டியை இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்தினார், நகர்ந்தது. மேலும் கீழுமாக நகர்த்தப் பார்த்தார், நகரவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை அதன் மேல் வைத்துக் கேட்டார். "ஊசி எடுத்தாச்சா?" என்று கேட்டபோது குரல் மாறியிருந்தது. இனிமேல்தான் என்றோம். "நல்லதாப் போச்சு, எடுக்காதீங்க" என்றார். மொத்தமும் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் கொடுத்த 1,600இல் 1,500 அந்த நிமிஷத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஜெல்லைத் தடவித் திரையில் காட்டினார். கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மூளைக்கு, ஒன்று முகத்துக்கு. பிரிகிற அந்தக் கவட்டையில் அரிசி அளவுக்கு ஒரு சதைத் துணுக்கு எல்லோருக்குமே இருக்கிறதாம், எனக்கும் உங்களுக்கும்கூட. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறதா என்று மோப்பம் பிடித்து, குறைந்தால் மூச்சை வேகமாக இழுக்கச் சொல்லி மூளைக்குத் தகவல் அனுப்புவது அதன் வேலை. பெயர் கரோட்டிட் பாடி. அது வீங்கிக் கட்டியானால் கரோட்டிட் பாடி ட்யூமர். மாமாவுக்கு இருந்தது 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு குழாயையும் விலக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது, உண்டிகோல் கவட்டையில் கூழாங்கல் சிக்கிக்கொண்டதைப் போல. டாக்டர்கள் இதை யாழ் வடிவம் என்பார்களாம். எங்கள் ஏரியாவில் யாழை யார் பார்த்தார்கள், உண்டிகோல் என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

கலர் போட்டதும் அந்தக் கல்லுக்குள்ளேயே சிவப்பும் நீலமுமாகக் கொதித்தது. அவ்வளவு ரத்த ஓட்டம். இதில் ஊசியைச் செருகினால் ரத்தம் கட்டுக்கு அடங்காமல் போகலாம், பக்கத்துக் குழாயிலும் படலாம், அதனால்தான் வேண்டாம் என்றார். நான் விடாமல், துடித்தாலே இதுதானா என்று கேட்டேன். இல்லையாம். சாதாரண நெறி ரத்தக்குழாய் மேல் உட்கார்ந்திருந்தாலும் குழாயோடு சேர்ந்து எகிறும், வயதானவர்களுக்குக் குழாயே வளைந்து புடைத்துக்கொண்டு துடிக்கும். விரலுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், டாப்ளரில்தான் பிரித்துச் சொல்ல முடியும். வெளியே 42ஆம் நம்பர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போதும் அவசரப்படாமல் இதைத் தமிழில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் மாமாவைக் குழப்பிவிட்டன. நாக்கை நீட்டச் சொன்னார். ஏலக்காரரிடம் நாக்கை நீட்டச் சொன்னால் அவர் என்னைத்தான் பார்ப்பார். நாக்கு ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்க்கத்தானாம். கட்டியை ஒட்டியே நாக்குக்கும் குரலுக்கும் போகிற நரம்புகள் ஓடுகின்றன, பெரிதானால் அவற்றை அழுத்தும். குரல் கம்மும், முழுங்கும்போது தொண்டையில் ஏதோ நிற்கிறமாதிரி இருக்கும், தண்ணீர் புரையேறும், சிலருக்கு ஒரு பக்கத்து இமை லேசாகத் தொங்கிக் கண்மணி சிறுத்துப்போகும், சிலருக்குத் தலையைத் திருப்பினாலே கிறுகிறுக்கும். மலைப்பிரதேசத்தில் இருந்தீர்களா என்றும் கேட்டார். பெரு மாதிரி உயரமான நாடுகளில் காற்று மெலிந்திருப்பதால் இந்தத் துணுக்கு வருஷக்கணக்கில் அதிகமாக உழைத்துப் பருத்துவிடுமாம். காசிமேட்டை விட்டால் எங்கள் மாமா ஏறிய உயரம் பரங்கிமலைதான், அதுவும் ஒரு தடவை. ரத்தக் கொதிப்பு திடீர் திடீரென்று ஏறுகிறதா, காரணமில்லாமல் வியர்த்துப் படபடக்கிறதா, தலை பிளக்கிறதா என்பது அடுத்தது, ஏனென்றால் கொஞ்சம் பேருக்கு இந்தக் கட்டி அட்ரினலின் வகை ஹார்மோனைச் சுரக்குமாம். கடைசியாக, குடும்பத்தில் வேறு யாருக்காவது கழுத்துக் கட்டி உண்டா?

மாமாவுக்குக் குரல் கம்மியிருந்தது உண்மை, ஒரு வருஷமாகவே. விடியற்காலையில் ஐஸ் காற்றில் தொண்டை கிழியக் கத்துகிறவருக்குக் கம்மாமல் என்ன செய்யும் என்று நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆஹா, இதுதான் அடையாளம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பிறகு காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தபோது குரல்நாண் இரண்டும் ஒழுங்காக அசைந்தன, கம்மல் ஏலத்தால் வந்ததுதான். ஆக அவருக்கு இருந்த ஒரே அடையாளம் அந்த வலியில்லாத கட்டி மட்டும்தான். பலருக்கும் அப்படித்தான், வருஷக்கணக்கில் மெதுவாக வளரும், வேறு எதுவும் காட்டாது என்றார்கள். அறிகுறி வரட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் அறிகுறி வரும்போது கட்டி நரம்பைப் பிடித்திருக்கும்.

இப்போது ரிப்போர்ட் விவகாரம். உள்ளே அவ்வளவு நல்ல வேலை, வெளியே வந்தால் மாமாவின் பெயரில் ஒரு எழுத்து தப்பு. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர், ரிப்போர்ட்டில் வேறு பெயர் என்றால் என்ன ஆகும் என்று அட்டையோடு அலைந்தவர்களுக்குத் தெரியும். திருத்தித் தரச் சொல்லி மூன்று தடவை போனோம். முதல் தடவை கரண்ட் இல்லை, இரண்டாம் தடவை டைப் அடிக்கிற பெண் லீவு. மூன்றாம் தடவை டாக்டரம்மாவே வெளியே வந்து கத்திய பிறகு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், அது எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆனால் ஒன்று, அளவு, எந்தக் குழாயை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது, ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறதா, வலது பக்கம் சுத்தமா என்று எல்லாம் இருந்தது. வலது பக்கத்தை எழுதியதை அறுவை டாக்டர் பாராட்டினார், இந்தக் கட்டி சிலருக்கு இரண்டு பக்கமும் வரும் என்பதால்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இந்த சென்டரின் கணக்கில் வராது. இதற்குப் போக வேண்டியது ரத்தநாள அறுவை டாக்டரிடம். சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே உண்டு என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. மாமாவுக்குச் சாயம் ஏற்றி சிடி ஆஞ்சியோ எடுத்தார்கள். ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் முழுக்க சிறுநீரைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள், அந்தக் கேனோடு மாமா ஏலத்துக்குப் போகப் பார்த்ததை இங்கே விவரிக்க வேண்டாம். ஹார்மோன் இல்லை. குழாயை எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரிப்பார்களாம், முதல் வகை சுலபமாக உரிந்து வரும், மூன்றாவது குழாயையே விழுங்கியிருக்கும், மாமாவுடையது இரண்டாவது. எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. ஆறு வாரம் நாக்கு இடது பக்கம் சாய்ந்தே இருந்தது, சாப்பிடும்போது சோறு கன்னத்தில் ஒதுங்கிக்கொள்ளும், இப்போது சரி. சலூன்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னதற்கு அவர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாராம்.

இந்தக் கட்டி பரம்பரையிலும் வரக்கூடும். அப்படி வருவதில் அதிகம் காணப்படும் ஒரு வகை அப்பா வழியாக வந்தால்தான் பெரும்பாலும் கட்டியாக மாறுமாம், அம்மா வழியாக வந்தால் அனேகமாகச் சும்மா இருந்துவிடும். மாமாவுக்கு அவர் அப்பா வழியாக வந்ததா என்று கேட்கலாமென்றால், தாத்தா இப்போது உயிரோடு இல்லை. ஆகவே போன மாதம் அம்மாவையும் மாமாவின் இரண்டு பிள்ளைகளையும் அதே சென்டருக்குக் கூட்டிப்போனேன், மூன்று பேருக்கும் சுத்தம். இந்தத் தடவை ஆறே முக்காலுக்கே போய் 3, 4, 5 டோக்கன். அந்தத் தம்பி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், பேரை நீங்களே டைப் பண்றீங்களா?" என்று கீபோர்டைத் திருப்பினார். பண்ணினேன்.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், அந்தம்மா கேட்பார். பெண்கள் கழுத்து ஸ்கேனுக்குச் செயினைக் கழற்ற வேண்டும், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. காலர் இல்லாத சட்டை, சுடிதாருக்கு ஷால் போதும், ஜெல் துடைக்க அவர்கள் தரும் பேப்பர் பத்தாது, ஒரு கைக்குட்டை. ஞாயிற்றுக்கிழமை வேறு டாக்டர் பார்க்கிறார், அவரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. டாக்டரம்மா திங்கள் முதல் சனி மதியம் மூன்று வரை. ஸ்கேன் படத்தைப் பதிந்த சிடி தட்டைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள், அதற்குத் தனியாக 100 ரூபாய்.