ராயபுரத்தில் ஒரு ஃபியட், ஒரு மாருதி 800: 14 வருடம் ஓட்டிய அனுபவம்

அப்பாவின் 1982 பிரீமியர் பத்மினி (எங்கள் தெருவில் இன்றும் ஃபியட்தான்), 2011-ல் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1996 மாருதி 800. இரண்டும் ஒரே தெருவில், ஒரே உப்புக் காற்றில் நிற்கின்றன.

ஃபியட்டில் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே என்பதால் முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், பாட்டியோடு ஆறு பேராகத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறோம். 1089 சிசி, நான்கு சிலிண்டர், மேடு பள்ளத்தில் அசராது. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போனால் நல்ல இடைவெளி விட்டே ஆக வேண்டும். மே மாத டிராஃபிக்கில் நின்று நின்று போனால் இன்ஜினோடு ஒட்டியிருக்கும், பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது புதிதல்ல. ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் கிளம்பிவிடும்.

800-ல் இந்தத் தொல்லை எனக்கு வந்ததே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, எடையும் குறைவு. கல்மண்டபம் சந்துகளில் சட்டென்று திரும்பும். மைலேஜ் ஊருக்குள் 15 வரை கிடைக்கிறது, ஃபியட்டில் 10 வந்தாலே சந்தோஷம். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஃபியட்டுக்கு ஒரு சின்ன ரப்பர் வேண்டுமென்றாலும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பாதி நாள் போகும், பாயிண்ட் (தீப்பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் பாகம்) செட் பண்ணத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

துரு விஷயம்தான் முக்கியம். ஃபியட்டின் தகடு கனமானது, டிங்கர் வெட்டிப் பேட்ச் போட்டால் பிடித்துக்கொள்ளும். 800-ன் தகடு மெல்லியது. ஒரு மழைக்காலம் முழுக்க டிரைவர் பக்கத்துக் கால்மிதி மேட்டை (mat) தூக்கிக் காயப்போடாமல் விட்டேன், அடியில் இரண்டு இடத்தில் ஓட்டை. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது: இத்தனை வருடம் போர் தண்ணீரில் கழுவியிருக்கிறேன், எங்கள் பக்கம் அதுவே உப்பு. இப்போது மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) மட்டும், வாரம் ஒருமுறை அடிப்பாகத்துக்கும் சேர்த்து.

முதல் பழைய கார் என்றால் 800 எடுங்கள். பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஃபியட். எதுவானாலும் இன்ஜின் சத்தம் கேட்பதற்கு முன்னால் மேட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் அடியிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.