காற்று மாட்: எல்லாம் சரி, அந்த இருமல்தான்

விலை குறைந்ததும் திருமங்கலத்து நண்பன் அந்த நீர்மூழ்கி கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கிவிட்டான். வாங்கிய பிறகு கேட்கிறான்: "மாப்ள, அந்தக் காத்து மாட் போடலாமா, வேணாமா?" மாட் என்பது ரசிகர் ஒருவர் செய்து, விளையாட்டின் மேல் போட்டுக்கொள்கிற மாற்றம்; இந்த மாட் படகுக்குள் இருக்கிற காற்றை நிஜம் மாதிரி கணக்கிடுகிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக அதைப் போட்டு ஆடுகிறவன் நான். போனில் பதில் சொன்னால் வெறும் திட்டாகத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அசல் விளையாட்டில் ஆக்சிஜனுக்கு ஒரே ஒரு பட்டை. முங்கினால் குறையும், மேலே வந்தால் நிறையும், அவ்வளவுதான். நிஜத்தில் ஆளை முதலில் படுத்துவது ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு. ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் வெளியே விடுகிறார். ஏழு-சி வகைப் படகில் (இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கி) 45 பேர் என்றால் மணிக்கு 900 லிட்டர். உள்ளே 400 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 13, 14 மணி நேரத்தில் அது 3 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதற்குள் தலைவலியும் மேல்மூச்சும் வந்துவிடும். ஆனால் அதே நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17, 18க்குத்தான் இறங்கியிருக்கும். மாட் செய்தவர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். வேலையில்லாதவர்களைப் படுக்கச் சொன்னால் கார்பன் டை ஆக்சைடு காட்டும் முள் மெதுவாக ஏறுகிறது. அந்தக் காலத்து ஜெர்மன் மாலுமிகளும் காற்றை மிச்சம் பிடிக்க அப்படித்தான் படுத்துக் கிடந்தார்கள்.

ஸ்நார்க்கெல், அதாவது முங்கியபடியே டீசல் எஞ்சினை ஓட்ட மேலேயிருந்து காற்று இழுக்கும் குழாய், இன்னும் அருமை. அலை வந்து குழாயின் வால்வு மூடிக்கொண்டால் டீசல் எஞ்சின் படகுக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்சும். அழுத்தமானி சரசரவென்று இறங்க, ஹெட்போனில் சத்தம் மங்கிப்போகிறது. முதல் தடவை நான் நிஜமாகவே காதைத் தேய்த்துவிட்டேன். பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் சேர்வதையும் கணக்கில் எடுத்திருக்கிறார். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதும் அதே ஈய-அமில பேட்டரிதான், என்ன, படகில் இருப்பது பெரிசு.

சரி, இவ்வளவு தெரிந்த மனுஷன் அந்த இருமலை எதற்கு வைத்தார்?

கார்பன் டை ஆக்சைடு 2 சதவீதம் தாண்டியதும் படகு முழுக்க லொக்கு லொக்கென்று இருமல். ஒரே ஒலிக்கோப்பு, திரும்பத் திரும்ப. கார்பன் டை ஆக்சைடு கூடினால் யாரும் இப்படி இருமுவதில்லை. மூச்சு வாங்கும், தலை வலிக்கும், 5 சதவீதத்தில் திணறும், 10 சதவீதம் போனால் மயக்கம். இருமல் குளோரினுக்கு உரியது. கடல் நீர் பேட்டரி அறைக்குள் புகுந்து அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் கிளம்பும். தொண்டையைப் பிடிக்கிற வாயு அதுதான். இந்த மாட்டில் குளோரினும் உண்டு, அதற்கும் இதே இருமல்! வழக்கமான இருமல்தானே என்று நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னறையில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒலிக்கோப்பைத் தூக்கிவிடலாம் என்றால் குளோரினுக்கான ஒரே எச்சரிக்கையும் போய்விடும். மாட்டின் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து அளவுகளை மாற்ற முடிகிறது. இருமலை மட்டும் பிரிக்க வழி வைக்கவில்லை.

ஸ்பீக்கரில் போட்டால் வீட்டிலும் தொல்லை. "யாருக்குடா இருமல்? சுக்குக் காப்பி போடவா?" என்று அப்பத்தா உள்ளேயிருந்து கேட்கிறார். வெயில் காலத்தில், விளாங்குடியில், சுக்குக் காப்பி.

ஆகவே மாப்ள, போடாதே. அசல் விளையாட்டையே ஆடு, பட்டை குறைந்தால் மேலே வா. நான் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்பாய். பயணத்தின் நடுவில் மாட்டை எடுத்தால் சேமித்து வைத்த ஆட்டம் கெட்டுப்போகும். இந்தப் பயணம் முடியட்டும் என்று பார்க்கிறேன். போன பயணத்திலும் அப்படித்தான் சொன்னேன்.