18,500 ரூபாய்க்குக் கேப் போட்டு ஆடாத பல்லை ஆட்டிக்கொண்ட கதை

இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். சட்டைகூட மாற்றவில்லை. கோபம் ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பல்லுக்குக் கேப், அதாவது மேலுறை போடப் போகிறவர்களுக்குக் கடைசியில் விவரமாக யோசனையும் சொல்கிறேன்.

சென்னையில் ஏரியாவுக்கு ஒரு கிளை வைத்திருக்கும் பல் கிளினிக். ஏசி, காபி மெஷின், சுவர் முழுக்கச் சிரிக்கிற குடும்பங்கள். பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸுக்கு வேறு என்னால் அழ முடியாது.

கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல். வேர் சிகிச்சை முடிந்ததும் ‘ஒரே நாளில் கேப்’ என்று ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். ஜிர்கோனியா என்கிற கெட்டியான பீங்கான் வகை, 18,500 ரூபாய். “யானை ஏறினாலும் உடையாது சார்” என்றார் டாக்டர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என் அப்பாவின் சர்க்கரை அளவைப் பற்றியெல்லாம் விசாரித்தார். அங்கேதான் விழுந்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைச் செதுக்கி, கேப்பை ஒட்டிவிட்டு, “கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?” என்றார். எனக்குப் பாதி உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வழிகிற எச்சிலைத் துடைத்துக்கொண்டே “சரியா இருக்கு டாக்டர்” என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்புறம் போகும்போதெல்லாம் சொல்லிக் காட்டினார்கள்.

ராத்திரி மரப்பு விட்டது. வாயை மூடினால் மற்ற பற்கள் சேரும் முன்பே அந்த ஒரு பல் மட்டும் இடிக்கிறது. செருப்புக்குள் கல் மாட்டின மாதிரி. இட்லியைக்கூட இடது பக்கமே ஒதுக்கி மென்றேன்.

போன் செய்தேன். “புதுசு இல்லையா சார், ரெண்டு வாரத்துல பழகிடும்.” இரண்டு வாரம் கழித்துப் போனால் அந்த டாக்டர் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். இருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வேர் சிகிச்சை பண்ண பல்லுல நரம்பே கிடையாது, எப்படி வலிக்கும்?” என்று என்னையே கேட்டார். ஆறாவது வாரம் பல் லேசாக ஆட ஆரம்பித்தது. உடனே பாட்டு மாறியது: “உங்களுக்கு ஈறு நோய் சார். டீப் கிளீனிங், 12,000 ஆகும்.” 18,500 வாங்கும்போது இல்லாத ஈறு நோய்!

இன்று காலை மனைவிதான் கோட்டை ஸ்டேஷன் பக்கத்து அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஓ.பி. சீட்டு, நீள வரிசை. பார்த்தது மேற்படிப்பு மாணவி, என் மகள் வயதுதான் இருக்கும். மேல்வரிசைப் பல் மேல் விரலை வைத்து, “தட்டித் தட்டிக் கடிங்க அங்கிள்” என்றது அந்தப் பெண். ஒவ்வொரு கடிக்கும் எதிர்ப்பல் அதிர்வது எனக்கே தெரிந்தது. அப்புறம் நீல நிறக் கார்பன் தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்லி, கண்ணாடியில் காட்டியது. கேப்பின் நடுவில் மிளகு அளவுக்குக் கருநீலப் பொட்டு. மற்ற பற்களில் பெயருக்குத்தான் நிறம்.

பல் என்பது தாடை எலும்பில் ஆணி மாதிரி அடித்து வைக்கப்பட்டதில்லையாம். வேரைச் சுற்றி கால் மில்லிமீட்டர்கூட இல்லாத நார்ப்படலம்தான் அதை எலும்போடு பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்தாலும் இந்த நாருக்கு உணர்வு உண்டு, வலித்தது அதுதான். ஒரே பல் எல்லா இடியையும் வாங்கினால் நார் நசுங்கும், பக்கத்து எலும்பு கரைந்து இடம் விடும், பல் ஆடும். எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய கறுப்புக் கோடு எனக்குத் தடித்துத் தெரிந்தது. ஈறை அளந்து பார்த்து, “ஈறு நல்லாதான் இருக்கு. கடி அதிகமானதால மட்டும் ஈறு நோய் வராது. ஏற்கெனவே இருந்தா இன்னும் மோசமாகலாம்” என்றது. யானை ஏறினாலும் கேப்புக்கு ஒன்றும் ஆகாதுதான். அடியில் இருக்கும் எலும்பை எவன் கேட்டான்?

இரண்டு நிமிடம் ராவியது, பாலிஷ் செய்தது. இடிப்பு நின்றது. பல் இறுகக் கொஞ்ச நாள் ஆகும், மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பியது.

திரும்பும் வழியிலேயே கிளினிக்குக்குப் போன் போட்டுப் பணத்தைக் கேட்டேன். “வெளியில ராவிட்டீங்களா? அப்ப வாரண்டி போச்சு சார்.”

யோசனை விவரமாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், கை நடுங்குகிறது. மரப்பு விட்டதும் கடியை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் தாள் வைக்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். பழகிடும் என்றால் நம்பாதீர்கள், ஜிர்கோனியா லேசில் தேயாது. பல் ஆடினால் வேறு இடத்தில் காட்டுங்கள். பில்லை வரி வரியாகப் படியுங்கள். என் பில்லை இப்போதுதான் பிரித்தேன். ‘கடி சரிபார்ப்பு – 500 ரூபாய்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் 18,500.