மழைத்தண்ணி ஐசோடோப்பு கலெக்டர்: எண்ணெய் தொல்லை இல்ல, ஆனா ஐப்பசி அடைமழைக்கு பாட்டில் பத்தாது

ஐசோடோப்பு (ஒரே தனிமத்துல எடை மட்டும் வேற வேறயா இருக்குற அணுக்கள்) டெஸ்டுக்கு மழைத்தண்ணி புடிச்சு வைக்கிறவங்களுக்கு ஒரே பயம் ஆவியாதல்தான். லேசான தண்ணி மொதல்ல கெளம்பிடும், ஆக்சிஜன்-18ங்கற கனமான ஆக்சிஜன் உள்ள தண்ணி தங்கிடும், டி-எக்ஸஸும் (கனமான ஹைட்ரஜனையும் ஆக்சிஜன்-18ஐயும் ஒப்பிட்டு ஆவியாதல காட்டுற கணக்கு) கொறஞ்சிடும், அப்புறம் பாட்டில் பண்ணின வேலைய மேகம் பண்ணுச்சுன்னு எழுதிட்டு உக்காந்திருப்போம். ஆவியாகாம இருக்க முன்னாடி தண்ணி மேல பாரஃபின் எண்ணெய மிதக்க விடுவாங்க, அதுல ஒரு துளி ஐசோடோப்பு அளக்குற லேசர் மெஷினுக்குள்ள போனா லேப்காரங்க திட்டுவாங்க.

இந்த கலெக்டர்ல எண்ணெயே வேணாம். புனல்ல இருந்து ஒரு டியூப் பாட்டில் அடி வரைக்கும் போகுது, கொஞ்சம் பேஞ்சதுமே நுனி முங்கிடும், அதுக்கப்புறம் காத்து படுற இடம் டியூப் வாய் அளவுதான். உள்காத்து வெளிய போக நீளமான மெல்லிய டியூப்ப சுருட்டி வச்சிருக்காங்க. நல்ல டிசைன்.

சென்னைல மொட்டமாடில வச்சிருக்கேன். இங்க ஜூன், ஜூலைல வர்ற குட்டி மழை கீழ விழும்போதே கொஞ்சம் ஆவியாகி கனமாத்தான் வரும், அதுக்கு எந்த கலெக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது, டியூப் முங்குற அளவுக்குக்கூட சில நேரம் பேயாது. வடகிழக்கு பருவமழைல ஆக்சிஜன்-18 கம்மி. மழை கூடினா கனம் கொறையும்னு டான்ஸ்கார்ட்ங்கற டென்மார்க் விஞ்ஞானி 1964லயே எழுதிட்டாரு, ஆனா எல்லாத்தையும் மழை அளவு தலைலயே கட்டுறது எனக்கு ஒத்துக்கல. கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக்கடல்ல கொட்டுற தண்ணியே லேசு, அது போக ஈரக்காத்து வர்ற வழியிலயே கனமானத மழையா எறக்கிட்டுதான் நம்மகிட்ட வருது, புயல்னா ஆக்சிஜன்-18 இன்னும் கம்மி.

கொறைன்னா பாட்டில் சைஸ்தான். புனல் வாய் விட்டம் 13.5 செ.மீ., பாட்டில் 3 லிட்டர், கணக்கு போட்டா 210 மி.மீ. மழைக்கே ரொம்பிடும். 2015 டிசம்பர் 1 மழைல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பேஞ்சது, அந்த மாதிரி வந்தா அரைநாள் தாங்காது. வழிஞ்சிட்டா மாச சராசரி குப்பைதான். மாசம் ஒருக்கா எடுத்தா போதும்னு சொல்றத நம்பாதீங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒவ்வொரு பெரிய மழைக்கும் பாட்டில மாத்துங்க, புயல் மழையும் சாதா மழையும் கலக்காம தனித்தனியா கெடைக்கும். பக்கத்துல சாதாரண மழைமானியும் வேணும், அளவு தெரியாம சராசரி போட முடியாது. நிலத்தடி நீர் ஆளுங்க தாராளமா வாங்கலாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார்.