ஆர்7, ஆர்8: பழ ஈயின் கண்ணில் மேல்மாடியும் கீழ்வீடும்

பழ ஈயின் ஒவ்வொரு சிறுகண்ணிலும் எட்டு ஒளியுணர் செல்கள். அதில் ஆர்7 மேலே, ஆர்8 கீழே.

மூத்தது ஆர்8, அதை அடோனல் மரபணு உருவாக்குகிறது. ஆர்7 கடைக்குட்டி. ஆர்8 நீட்டும் ‘பாஸ்’ புரதத்தை, ஆர்7 ஆக வேண்டிய செல்லின் ‘செவன்லெஸ்’ ஏற்பி (சைகையைப் பிடிக்கும் புரதம்) பிடித்தால்தான் அந்தச் செல் ஆர்7 ஆகும். ஏற்பி பழுதானால் அந்தச் செல், லென்ஸ் சுரக்கும் கூம்புச் செல்லாகிவிடும். ‘ஏழாவது இல்லாதது’ என்று பெயர் வைத்த குசும்பைப் பாருங்கள்!

வயரிங்கில், பார்வைச் சைகைகளைப் பெறும் மூளைப் பகுதியான மெடுல்லாவில் ஆர்8-இன் நரம்பிழை மூன்றாம் அடுக்கில் நின்றுவிடும், ஆர்7-இன் இழை ஆறாவது வரை போகும். செல்களை ஒட்டவைக்கும் என்-கேதரின் புரதம் இல்லாத ஆர்7 மட்டும் பாதிவழியில், ஆர்8 அடுக்கிலேயே தங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது நிற விஷயம். ஆர்7 பார்ப்பது புற ஊதா. ஆனால் அதில் ‘ஸ்பைன்லெஸ்’ மரபணு இயங்குமா என்பது சீட்டுக் குலுக்கல். சுமார் 70 சதவீதத்தில் இயங்கும். அங்கே கீழேயுள்ள ஆர்8 பச்சையைப் பார்க்கும். மற்றவற்றில் ஆர்7 சைகை கொடுக்க, ஆர்8 நீலத்துக்கு மாறும். சரிதான், இப்போது அண்ணனுக்குத் தம்பி உத்தரவு போடுகிறான்.