ஈழத்தலரிக் கொப்பு: கதியால் மாதிரி ஊன்றுவதா, சாடியில் வைப்பதா?

யாழ்ப்பாணத்தில் வளவு வைத்திருப்பவர்களுக்குத் தடி ஊன்ற யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று எது கையில் கிடைத்தாலும், மழை தொடங்கியதும் அலவாங்கால் ஒரு குழி குத்திக் கதியாலை, அதாவது வேலித் தடியை, இறக்கிக் காலால் மண்ணை மிதித்துவிட்டால் போதும். தை பிறக்கும்போது வேலி தளிர்த்திருக்கும். அந்தப் பழக்கத்திலேயே நான், கோயில் வீதிகளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் ஈழத்தலரியின் கொப்பையும் ஊன்றினேன்.

மூன்று கொப்பு, கார்த்திகை மாதம், கேற்றடியில். பத்து நாள் கழித்தும் நுனி பச்சையாக நிற்பதைப் பார்த்து, பிடித்துவிட்டது என்று வீட்டில் சொல்லியும்விட்டேன். மார்கழி நடுவில் ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கறுத்து, பழுத்து அழுகிய வாழைப்பழம் மாதிரிக் கொழகொழத்திருந்தது. விரலால் அமத்தத் தோல் தனியே கழன்றது. மற்ற இரண்டும் ஒரு கிழமைக்குள் அதே வழியில் போயின.

அதே மரத்தில் வெட்டிய நாலாவது கொப்பை மோட்டர்க் கொட்டிலுக்குள் சாத்திவைத்து மறந்துபோனேன். மாசியில் மோட்டர் மக்கர் பண்ணியபோதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். தோல் சுருங்கி, எங்கள் ஆச்சியின் முழங்கை மாதிரி இருந்தது. எறிய மனமில்லாமல் விளிம்பு உடைந்த சாடி ஒன்றில் மணலைக் கொட்டி அதில் குத்திவைத்தேன். சித்திரை முடியுமுன் இலை விட்டது. இப்போது அது என்னைவிட உயரம்.

பார்த்துப் பார்த்து நட்டதெல்லாம் செத்து, மறந்துபோனது பிழைத்ததில் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று கொப்பை வேறு வேறு விதமாக வைத்துப் பார்க்கிறேன். எது எங்கே சரிவரும் என்பதில் இப்போது எனக்கு ஒரு தெளிவு உண்டு.

முதலில் பெயர்ச் சிக்கல். அலரி என்று சொன்னால் எங்கள் பக்கம் செவ்வலரியும் வரும், பொன்னலரியும் வரும், கோயில் வீதியில் நிற்கும் இந்த வெள்ளைப்பூ மரமும் வரும். தேமா என்றும் சிலர் சொல்வார்கள். சிங்களத்தில் அரலியா என்றால் இந்த மரம்தான். தாவரவியலில் புளுமேரியா, பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல்ஸ் புளுமியே (1646–1704) நினைவாக வைத்த பெயர். ஈழத்தலரி என்ற பெயரைக் கேட்டால் நம் மண்ணில் பிறந்தது போலிருக்கும். அதன் சொந்த ஊரோ மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள் பக்கம். பெயரை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 'அலரிக் கொப்பு எப்படி வைப்பது' என்று கேட்டால், செவ்வலரி வைத்துப் பழகியவர் 'நல்லாத் தண்ணி விடுங்கோ' என்பார். செவ்வலரிக்கு அது சரி. அதன் தடி மெல்லியது, மரத்தன்மையானது, தண்ணீர்ப் போத்தலில் போட்டாலும் வேர் விடும். ஈழத்தலரியின் தடி சதைப்பிடிப்பானது. தனக்கு வேண்டிய தண்ணீரையும் பாலையும் உள்ளேயே வைத்திருக்கிறது. வெட்டுவாய் ஆறுமுன் ஈர மண்ணில் வைத்தால் பூஞ்சணம் அந்தப் புண் வழியாகவே உள்ளே போகும். குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. அயலில் ஒரு பெரியவர் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தம்பி, உதுக்குத் தண்ணி விடாதை. உது கள்ளி மாதிரி."

சரி, எப்போது வெட்டுவது? கார்த்திகையா, மாசியா? இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. மாசியும் பங்குனியும்தான். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதமும் மண் ஈரம் குறையாது, வாடைக்காற்றின் குளிர் வேறு. வேர் விட வெப்பம் கேட்கும் தடிக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. மாசியில் மரம் இலை கொட்டி மொட்டையாக, மான் கொம்பு மாதிரி நிற்கும். அந்த உறக்கத்தில் வெட்டுகிற கொப்பு வெயில் ஏற ஏறத் தானாகவே விழிக்கும். அடுத்த பெருமழைக்கு முன் அதற்கு ஏழு மாதம் இருக்கிறது. காற்று விழுத்திய கொப்பு கார்த்திகையில் கையில் வந்தால்? நடவேண்டாம். நனையாத இடத்தில் சாத்திவையுங்கள். ஒன்றிரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் சாகாது. என் மோட்டர்க் கொட்டிலே அதற்குச் சாட்சி.

உடனே நடுவதா, காயவிடுவதா என்ற கேள்விக்கும் இதுவே பதில். விரல் பருமனுக்கு மேற்பட்ட, தோல் சாம்பல் நிறமாக மாறிய கொப்பாகப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். பச்சை நுனி மட்டும் எடுத்தால் சுருங்கிவிடும். இலையையும் பூங்கொத்தையும் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காற்றுப் படும்படி நிழலில் சாத்த வேண்டும். முதல் நாள் பால் வடியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலிலும் சிலருக்கு எரியும். மூன்று நாலு நாளில் பால் உறைந்து வெள்ளைத் தகடு மாதிரி ஆகும். இரண்டு கிழமையில் வெட்டுவாய் உள்வாங்கி, விளிம்பு கொஞ்சம் தடித்து, நகத்தால் தட்டினால் காய்ந்த பனங்கொட்டையைத் தட்டியது போல இருக்கும். அதுதான் பதம். கைப் பருமனான பெரிய கிளை என்றால் ஒரு மாதம் விடலாம். வேர்விடும் ஹோர்மோன் தூள், கறுவாத்தூள், சாம்பல் எல்லாம் தடவிப் பார்த்தேன். காய்ந்த வெட்டுவாய்க்கு அவை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தூளுக்குச் செலவழிக்கிற காசில் நல்ல மண்சாடி வாங்கலாம்.

நேரே நிலத்தில் ஊன்றுவதா, சாடியில் வைத்துப் பிறகு மாற்றுவதா என்பதற்கு மட்டும் ஒரே பதில் கிடையாது. அது உங்கள் வளவின் மண்ணைப் பொறுத்தது.

வடமராட்சிக் கரையோரத்திலோ தென்மராட்சியின் மணற்பாங்கான காணிகளிலோ இருப்பவர்களுக்குச் சாடி வேண்டியதில்லை. அங்கே மண்ணே நல்ல சல்லடை. பங்குனியில் காய்ந்த கொப்பை ஒரு சாண் ஆழத்தில் நேரே வைத்தால் அது தன்பாட்டில் பிடிக்கும். நிலத்தில் வைத்ததற்கு ஒரு பெரிய லாபமும் உண்டு: வேர் முதலிலிருந்தே நிலைத்த இடத்தில் ஓடும், இடம் மாற்றும் அதிர்ச்சி இல்லை. நாலடிக் கிளையை அப்படியே வைத்து, ஒரே வருடத்தில் மரம் மாதிரிக் காட்டவும் முடியும். சாடியில் அந்த அளவுக் கிளையை வைத்தால் சாடியோடு சரிந்துவிடும்.

வலிகாமத்துச் செம்மண் வேறு விதம். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அது தங்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வளவில் மேல்மண் மிதிபட்டு இறுகிக் கிடக்கிறது. கேற்றடி, கிணற்றடி, வாளித் தண்ணீர் ஓடும் பக்கம் எல்லாம் வெயில் காலத்திலும் உள்ளே ஈரம்தான். அங்கே நேரே வைத்தால் பத்துக்குப் பாதி போகும். அதனால் நான் சாடிக் கட்சி. மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு கைப்பிடி. எருவே போடமாட்டேன், வேர் வந்த பிறகுதான் அது. கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடவேண்டாம், உப்பு. கழுவித்தான் எடுக்க வேண்டும். மூன்று நாலு அங்குல ஆழம் போதும். நட்ட அன்று ஒருமுறை தண்ணீர், அதற்குப் பிறகு மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் ஒரு கோப்பை. மண்சாடி மூச்சு விடும், சீக்கிரம் காயும். பழைய பெயின்ற் வாளி என்றால் அடியில் ஏழெட்டுத் துளையாவது போடுங்கள்.

சாடியை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு: முருங்கைக்குக் கீழே. நான் சொல்வது வேடிக்கை இல்லை. முருங்கை நிழல் அரிதட்டால் அரித்தது போல விழும். காலை வெயில் படும், சித்திரை மதிய வெயில் தோலைப் பொசுக்காது.

சாடிக்கு இன்னொரு வசதி, முதல் மாரியில் தூக்கி விறாந்தைக்குள் வைத்துவிடலாம். இளம் வேரோடு ஒரு கார்த்திகையைத் தாண்டினால் அதற்குப் பிறகு பயமில்லை. அடுத்த பங்குனியில் நிலத்துக்கு மாற்றலாம்.

இரண்டு வழிக்கும் பொதுவான எதிரி சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. வைகாசியிலிருந்து அது அடிக்கத் தொடங்கும்போது கொப்பு இப்போதுதான் நூல் மாதிரி வேர் விட்டிருக்கும். கொப்பு ஒருமுறை ஆடினால் அந்த நூல்கள் அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு தடி நட்டுத் துணிக் கீற்றால் கட்டுங்கள். சாடியைச் சுவர் ஓரம் ஒதுக்கலாம், நிலத்தில் நிற்பதை ஒதுக்க முடியாது. சோளகத்துக்கு நேரே வாசல் பார்த்த வீடு என்றால் இந்த ஒன்றுக்காகவே சாடி மேல்.

இன்னுமொரு ஏமாற்று இருக்கிறது. நட்டு மூன்றாம் கிழமையில் நுனியில் இரண்டு இலை எட்டிப் பார்க்கும், சிலவேளை பூங்கொத்தே வரும். வேர் விட்டதாக நினைத்து வாளியோடு ஓடாதீர்கள். அது தடி தன் சேமிப்பைச் செலவழிப்பது. கீழே ஒன்றும் இருக்காது. என் கார்த்திகைக் கொப்புகளும் இந்த வித்தையைத்தான் காட்டின. பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், மனம் கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள். ஐந்தாறு இலை முழு அளவுக்கு விரிந்து, மதிய வெயிலிலும் தொங்காமல் நின்றால் வேர் இருக்கிறது. ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். ஆட்டிப் பார்க்கிற ஆசைதான் கொப்புக்குக் கண்டம்.

எந்த மரத்துக் கொப்பு என்பதும் கணக்கு. இலை நுனி கூராக, வருடம் ஒருமுறை மொட்டையாகிற இனம் சுலபமாகப் பிடிக்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான். இலை நுனி மழுங்கலாக, எப்போதும் பச்சையாக நிற்கும் வெள்ளைப்பூ இனம் பிடிவாதக்காரி. அதில் இரண்டு கொப்பு வேண்டுமென்றால் நாலு வெட்டுங்கள். இப்போது மதிலோரம் பலர் வைக்கிற, பாம்புப் படம் மாதிரி இலை உள்ள வெள்ளை இனம் எதில் வைத்தாலும் வரும், எப்போதும் பூக்கும். ஆனால் மணம் குறைவு. மணமில்லாத ஈழத்தலரியை நான் எதற்கு வளர்க்க?

போத்தல் தண்ணீரில் வேர் விட வைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வெயிலில் தண்ணீர் இரண்டு நாளில் நாறும். வந்த வேரும் மண்ணுக்குப் போனதும் தளரும்.

விதை பொறுமைசாலிகளுக்கு. முதலில் காய் கிடைப்பதே அரிது. பூவில் தேன் கிடையாது. இரவில் மணத்தை நம்பி வரும் பெரிய அந்துப்பூச்சிகள் ஏமாந்து பூவுக்குப் பூ தாவும்போதுதான் மகரந்தம் மாறும். கிடைத்த விதை முளைப்பதும் லேசு, ஆனால் பூக்க மூன்று வருடமும் மேலும் போகலாம், தாய் மரத்தின் நிறமும் வராது. கொப்பென்றால் தாய் அப்படியே. அடுத்த வருடமே பூவையும் எதிர்பார்க்கலாம்.

ஒட்டுக்கன்று? கறுத்தக்கொழும்பான் மாவில் ஒட்டு வைத்துப் பழகிய ஊர், தயங்கத் தேவையில்லை. தாய்லாந்திலிருந்து வரும் விசித்திர நிறங்களுக்கு அதுதான் வழி. ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் நிறம் போய்க் கீழ்மரம் வளர்ந்துவிடும். ஒருமுறை ஒரு கடையில் இரத்தச் சிவப்பு என்று தந்த கன்று பூத்தபோது வெளிறிய ரோசாவாக இருந்தது. ஒட்டுக்குக் கீழே வந்த தளிரை நான் விட்டேனா, கடையில் மாறித் தந்தார்களா என்று சண்டை பிடிக்கவும் முடியவில்லை. அயல் வீட்டு மரத்தில் கொப்புக் கேட்டால் இந்தத் தலையிடி கிடையாது. பூவைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வெட்டுகிறோம்.

இப்போது விறாந்தை மூலையில் மூன்று கொப்பு சாய்ந்து கிடக்கிறது. மாசி 10 என்று தரையில் வெண்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன். நேற்று மருமகள் அதை அழித்துக் கூட்டப்போனாள், ஓடிப்போய் மறித்தேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. சாடிக்கு மணல் கழுவி வெயிலில் பரப்பியாயிற்று.