தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்: கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவரின் மதிப்புரை

கடவுள் நம்பிக்கை இல்லாத நான் இதுவரை நான்கு முறை தாராசுரம் சென்றிருக்கிறேன். அர்ச்சனைத் தட்டு வாங்கியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போதாமல்தான் திரும்பியிருக்கிறேன்.

கும்பகோணத்தை ஒட்டியே இருக்கும் இக்கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பியது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்துடன் தாராசுரமும் அதனோடு சேர்க்கப்பட்டது. இதன் விமானம் சுமார் 24 மீட்டர் உயரமே கொண்டது. தஞ்சையின் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் பார்வையில் ஏமாறக்கூடும்.

அவர்கள் தரையில் உட்கார வேண்டும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி, முழங்காலுக்கும் கீழே, நாயன்மார்களின் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகத் தொடர்கின்றன. இராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம், ஒரு தலைமுறைக்குள் இங்கே கல்லில் ஏறியிருக்கிறது. சுந்தரர் பாட, முதலை தான் விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தரும் காட்சிக்கு முன் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி நடந்ததாக நான் நம்பவில்லை. பிள்ளையை இழந்த வீட்டின் துக்கத்தையும், அது மீண்டு வரும் கணத்தையும் ஒரு சாண் கல்லுக்குள் சொல்லிவிட முடியும் என்று நம்பிய சிற்பியின் கையை மட்டும் என்னால் சந்தேகிக்க முடியவில்லை. கதை தெரியாதவருக்கு இது வெறும் முதலையாகவே தெரியும் என்பதால், நம்பிக்கை இல்லாதவர்கள்தாம் பெரியபுராணத்தைக் கூடுதல் கவனத்துடன் படித்துவிட்டு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்னே நீண்டிருக்கும் இராசகம்பீரன் திருமண்டபம், சக்கரங்களும் இழுத்துச் செல்லும் குதிரைகளுமாகத் தேர் வடிவில் அமைந்தது. அதன் தூண்களில் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும் சிறு கட்டங்களில் நடனக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் காணலாம். ஒரு தூணுக்கே கால் மணி நேரம் ஆகும்.

முதல் முறை நான் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி, யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் காட்டி, காளையின் உடலைக் கையால் மறைத்து வியக்க வைத்துவிட்டு, நாயன்மார் வரிசையை நின்றுகூடப் பார்க்காமல் இருபது நிமிடத்தில் சுற்றிக்காட்டி முடித்துவிட்டார். வழிகாட்டி வேண்டுமென்றால், அடிப்பகுதிச் சிற்பங்களை விளக்குவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையிலேயே செல்வது நல்லது. வெயில் ஏறினால் வெறுங்காலுடன் கல்தளத்தில் நடக்க இயலாது. அருகில் தனிக் கோயிலாக உள்ள அம்மன் சன்னதியையும் விட்டுவிடாதீர்கள். இங்கே வழிபாடு இன்றும் தொடர்வதால், தீபாராதனை நேரத்தில் நான் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன். மணி ஓய்ந்த பிறகு மீண்டும் தரையில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.